அனாதைப் பிள்ளைகளின் வாத்தியக் கோஷ்டி
மைஹார் அலாவுதீன் கான் ஜீவிய சரித்திரம்



இப்பக்கத்தில் நாம் வழக்கமாக அர்ச்சியசிஷ்டர்களுடையவும், வேதபோதகர்களுடையவும் சரித்திரங்களை வாசித்து வருகிறோம். இவ்வாரம் நம் திருச்சபையைச் சேராத ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அவர் மகம்மதியர், ஐவேளைத் தொழுகை தவறாதவர். அவருடைய வரலாறு நம் பங்கு ஏட்டில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துக் காயங்கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்துப் போனவன் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். சேசுநாதர் சுவாமி நமக்கு மாதிரியாகக் காட்டிய அந்தச் சமாரியனும் கோயிலுக்குப் புறம்பானவனாகத்தான் இருந்தான்.

நாம் சொல்லப் போகிறவர் உஸ்தாத் அலாவுதீன் கான். வட இந்தியாவில் அவரை எல்லோரும் பாபா என்பார்கள். அப்பா என்று பொருள். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் கையில் வாத்தியங்களைக் கொடுத்து, ஒரு சிறு சமஸ்தானத்துக்கே பெருமை தந்த வாத்தியக் கோஷ்டியாக அவர்களை ஆக்கியவர் அவர்.

ஓடிப்போன பிள்ளை

அவர் பிறந்த ஊர் சிவ்பூர். இன்று வங்காள தேசத்தில் பிராமணபாரியா ஜில்லாவில் இருக்கிறது. அக்குடும்பத்தில் சங்கீதம் புழங்கியது. மூத்த சகோதரர் அப்தாபுதீனிடம் முதல் பாடம் கேட்ட சிறுவனுக்கு அதன் பிறகு பள்ளிக்கூடம் மனத்தில் ஏறவில்லை. விவரம் அறியாத வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, ஊர் ஊராகக் கூத்தாடும் ஜாத்திரா கோஷ்டி ஒன்றோடு திரிந்து, கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தான். அந்தப் பெரிய பட்டணத்தில் அவனுக்கு அறிந்த முகம் ஒன்றுமில்லை. தர்மச் சாப்பாடு போடும் இடத்தில் ஒரு வேளை வயிற்றைக் கழுவிக்கொண்டு, கங்கைக் கரையில் படுத்துக் கிடந்தான். தாய் தகப்பன் உயிரோடிருந்தும் அனாதைபோல் வாழ்ந்த அந்த நாட்கள் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதைப் பின்னால் அவர் செய்த காரியம் காட்டுகிறது.

பிறகு கோபால கிருஷ்ண பட்டாசாரியார் என்ற பாடகர் அவனைச் சீடனாக ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஸ்வரப் பயிற்சி மட்டுமே செய்ய வேண்டும் என்பது குரு விதித்த நிபந்தனை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பன்னிரண்டு வாரம் என்றாலே முகம் சுருங்கும். அலாவுதீனோ மறுபேச்சின்றிச் சம்மதித்தான். ஏழாண்டளவு போயிருந்தபோது குரு பிளேக் நோயில் மாண்டார். வேறு குருவிடம் வாய்ப்பாட்டுக் கற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, சீடன் வாத்தியங்களின் பக்கம் திரும்பினான்.

அக்காலத்தில் கல்கத்தா நாடகக் கொட்டகைகளில் நம் நாட்டு வாத்தியங்களையும் ஐரோப்பிய வாத்தியங்களையும் சேர்த்து வாசிக்கும் கோஷ்டிகள் இருந்தன. சுவாமி விவேகானந்தருக்கு உறவினரான ஹபு தத்தர் அப்படிப்பட்ட ஒரு கோஷ்டியை நடத்தி வந்தார். அலாவுதீன் அவரிடம் சேர்ந்து பல வாத்தியங்களைப் பழகினார். ஐரோப்பிய முறையில் பிடில் வாசிப்பதை, கோவாவிலிருந்து வந்து பேண்டு மாஸ்டராக இருந்த லோபோ என்பவரிடம் கற்றார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கோவாவில் பங்குக் கோயில்களை ஒட்டி நடந்த பள்ளிக்கூடங்களில், ஜெபங்களோடும் ஞானோபதேசத்தோடும் பிடில் வாசிக்கவும், ஸ்வரக் குறிப்பைப் பார்த்துப் பாடவும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார்கள். பூசையில் பாட ஆள் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அப்பள்ளிகளில் கற்றவர்கள் பிழைப்புக்காகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய், சமஸ்தான பேண்டுகளிலும் பிற்காலத்தில் சினிமா வாத்தியக் குழுக்களிலும் வாசித்தார்கள். லோபோ அந்த நாட்டிலிருந்து வந்தவர். பீடத்துக்கு முன் பாடுவதற்கென்று கோவாவில் விதைத்த விதை, யாரும் எதிர்பாராத ஒரு மூலையில் போய் முளைத்தது.

சரோத் தேடிய பிரயாணம்

இத்தனையும் கற்றபின் நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அப்போது முக்தாகாச்சா என்ற ஊர் ஜமீன்தார் மாளிகையில் அகமது அலி கான் என்ற வித்துவான் சரோத் வாசிக்கக் கேட்டார். சரோத் என்பது உலோகப் பலகை பதித்த கழுத்தும், தோல் போர்த்திய குடமும் கொண்ட தந்தி வாத்தியம். அதைக் கேட்ட மாத்திரத்தில் அவருடைய கர்வம் உருகிப் போயிற்று. அவ்வித்துவானின் காலில் விழுந்து சீடரானார். சமைத்தும், துணி துவைத்தும், வேலைக்காரனைப்போல் பல வருஷம் ஊழியம் செய்தார்.

அதற்கு மேலும் கற்க வேண்டும் என்று ராம்பூர் சமஸ்தானத்துக்குப் போனார். தான்சேன் பரம்பரையில் வந்த வஜீர் கான் அங்கே ஆஸ்தான வித்துவான். ஏழைச் சீடனை வாசல் காவலர் உள்ளே விடவில்லை. வேறு வழி காணாமல் ஒருநாள் நவாபின் மோட்டார் வண்டிக்கு முன்னே போய் விழுந்து, தம் மனுவைச் சொன்னார். நவாப் மனமிரங்கிக் குருவிடம் சேர்த்து வைத்தார். அப்படியும் குரு நெடுங்காலம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலாவுதீன் ராம்பூர் பேண்டில் வாசித்துக்கொண்டு காத்திருந்தார்.

இங்கே ஒரு குறையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்த மனிதருக்கு ஊரில் மனைவி இருந்தாள். வீட்டார் பிடித்துக் கலியாணம் செய்து வைத்ததும், சங்கீதப் பித்தினால் அவளை விட்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். அந்தப் பெண் பட்ட துன்பம் பிற்பாடு வஜீர் கானுடைய காதுக்கு எட்டியது. அதைக் கேட்ட பிறகே அவர் சீடனை அருகில் அழைத்துத் தம் வித்தை முழுவதையும் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். கலை எவ்வளவு பெரிதானாலும் வீட்டிலே ஒரு ஜீவன் கண்ணீர் விட்டால் அதற்கும் கணக்குண்டு. பிற்காலத்தில் அலாவுதீன் மனைவியோடு மைஹாரில் குடும்பம் நடத்தினார். தாம் உண்டாக்கிய ஒரு ராகத்துக்கு மதன மஞ்சரி என்று அவள் பெயரையே வைத்தார். தம் வீட்டுக்கும் அவள் பெயரால் மதீனா பவன் என்று பேரிட்டார்.

கொள்ளைநோயும் பிள்ளைகளும்

மைஹார் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. குன்றின்மேல் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளேறிப் போகும் சாரதா தேவி கோயிலுக்குப் பேர்போன ஊர். அதன் மகாராஜா பிரிஜ்நாத் சிங் சங்கீதத்தில் ஆசையுள்ளவர். 1918 ஆம் ஆண்டளவில் அலாவுதீன் கான் அவருடைய குருவாகவும் ஆஸ்தான வித்துவானாகவும் அங்கே போய் அமர்ந்தார்.

1918 ஆம் ஆண்டை நம் பெரியோர்கள் மறந்ததில்லை. இன்புளுவென்சா என்ற விஷக்காய்ச்சல் அவ்வருஷம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேலான ஜனங்களைக் கொண்டுபோயிற்று. மைஹாரிலும் அக்காலத்தில் கொள்ளைநோய் புகுந்து பல வீடுகளைச் சூனியமாக்கியது. தாயும் தகப்பனும் மாண்டுபோக, பிள்ளைகள் மட்டும் தெருவில் நின்றார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் நல்ல மனமுள்ளவர்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். பழைய துணி கொடுப்பார்கள். அது புண்ணியமான காரியமே. ஆனால் கஞ்சி குடித்த பிள்ளை மறுநாளும் அதே தெருவில்தான் நிற்கும். தாம் கல்கத்தாவில் தர்மச் சாப்பாட்டுக்குக் கைநீட்டி நின்றதை நினைத்தோ என்னவோ, அலாவுதீன் கான் வேறொரு வழியைக் கண்டார். பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்து, ஆளுக்கொரு வாத்தியத்தைக் கொடுத்து, உட்கார வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். மகாராஜா அதற்கு ஆதரவளித்தார். மைஹார் பேண்டு என்று பேர்பெற்ற வாத்தியக் கோஷ்டி இவ்விதமாகப் பிறந்தது.

அதிலே சிதார், சரோத், எஸ்ராஜ், தபேலா, ஜலதரங்கம் இருந்தன; பிடில், செல்லோ, கிளாரினெட் முதலிய ஐரோப்பிய வாத்தியங்களும் இருந்தன. மேல்நாட்டு சிம்பொனி கோஷ்டிகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வழியே போய், எல்லாம் சேர்ந்து ஒரே இசையாக ஒலிக்கும். நம் நாட்டு முறையிலோ ஒருவர் ராகத்தை எடுத்துச் செல்ல, மற்றவர்கள் பின்தொடர்வார்கள். அலாவுதீன் கான் கல்கத்தாவில் கற்ற கோஷ்டி ஒழுங்கையும், ராம்பூரில் கற்ற ராகத்தையும் இணைத்து, இப்பிள்ளைகளுக்கென்றே சின்னஞ்சிறு உருப்படிகளைப் பலவாகக் கட்டினார். ஒவ்வொன்றும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ராகத்தின் முகம் அதில் தெளிவாகத் தெரியும்.

வாத்தியம் போதாமற் போனபோது அவர் செய்த காரியம் விசேஷமானது. உபயோகமற்ற துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வாங்கி, வெவ்வேறு நீளத்தில் அறுத்து, வரிசையாக அடுக்கினார். குழல் குட்டையானால் நாதம் உயரும், நீண்டால் தாழும். இந்தக் கணக்கைக் கொண்டு ஸ்வரம் கூட்டி, கோலால் தட்டி வாசிக்கும்படி செய்தார். நளதரங்கம் என்ற அந்த வாத்தியம் மைஹார் பேண்டின் அடையாளமாக விளங்கியது. இசையாஸ் தீர்க்கதரிசி வாளையும் கலப்பைக் கொழுவையும் பற்றிச் சொன்னதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். மனிதனைச் சுட வார்த்த இரும்பு, அனாதைப் பிள்ளையின் கையில் ஸ்வரம் பேசிற்று என்றால் அதையும் அவ்வரிசையில் சேர்க்கலாம் அல்லவா?

ஊருக்கு அதனால் வந்த நன்மை

வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்த பிள்ளைக்கு மூன்று நன்மை உண்டாயிற்று. முதலாவது, தொழில் கிடைத்தது. சமஸ்தானத்தின் வாத்தியக்காரன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிப் பிழைக்க வழி பிறந்தது. இரண்டாவது, குடும்பம் கிடைத்தது. பத்துப் பேர் கூடி வாசிக்கும் இடத்தில் ஒருவன் தவறினால் பத்துப் பேருக்கும் தெரியும். ஒருவன் வராவிட்டால் பத்துப் பேரும் தேடுவார்கள். தன்னைத் தேடுவார் இருக்கிறார்கள் என்பதே அனாதைக்கு அரைத் தாய். மூன்றாவது, மரியாதை கிடைத்தது. நேற்றுப் பிச்சைக்காரப் பிள்ளை என்று விரட்டிய ஊரார், இன்று அதே பிள்ளை வாசிக்கக் கேட்டு அமைதியாக உட்கார்ந்தார்கள்.

இதை வாசிக்கையில் நமக்கு அர்ச்சியசிஷ்ட தொன் போஸ்கோ நினைவுக்கு வருகிறார். இத்தாலி தேசத்துத் தூரின் நகரத்தில், வேலை தேடி வந்து தெருவில் அலைந்த பையன்களைச் சேர்த்துச் செருப்புத் தைக்கவும், துணி தைக்கவும், அச்சுக் கோக்கவும் கற்பித்த அவர், பேண்டு வாத்தியமும் கற்பிக்கச் செய்தார். சங்கீதமில்லாத விடுதி அவருக்கு உயிரில்லாத உடல்போல் தோன்றியது. அவர் ஏற்படுத்திய சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதல் இல்லம் தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர். அது 1906 ஆம் ஆண்டு. தூரினுக்கும் மைஹாருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஏழைப் பிள்ளையைப் பார்த்த இருவர் மனத்திலும் ஒரே எண்ணத்தை எழுப்பியவர் யார் என்று விசுவாசிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடுமையும் கனிவும்

பாபா சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். பாட நேரத்தில் அவருடைய கோபம் பிரசித்தம். தவறாக வாசித்தால் அடிப்பார்; கையில் இருப்பதை எறிவார். அவருடைய சொந்த மகன் அலி அக்பரும் அந்தக் கண்டிப்பைத் தாங்க மாட்டாமல் ஒரு சமயம் வீட்டை விட்டு ஓடியதுண்டு. அந்தக் கடுமையை நாம் பின்பற்றத் தேவையில்லை. அடியில்லாமலும் நல்ல ஆசிரியர் கண்டிப்பாக இருக்கக் கூடும் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் பிறரிடம் கேட்டதைத் தம்மிடமும் கேட்டார் என்பதை மறக்கக் கூடாது. விடியுமுன் எழுந்து, முதிர்ந்த வயதிலும் சாதகம் செய்வார். எளிய உடுப்பே உடுத்துவார். வந்த சீடருக்குக் கற்பிக்கக் கூலி கேட்க மாட்டார்.

மகள் விஷயத்தில் நடந்ததைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மூத்த மகளைக் கலியாணம் செய்து கொடுத்த வீட்டில் அவளுடைய சங்கீதத்தினால் மனத்தாங்கல் உண்டாகி, அவள் துன்பப்பட்டாள். அதனால் இளைய மகள் அன்னபூர்ணாவுக்குச் சங்கீதம் வேண்டாம் என்று தகப்பனார் தீர்மானித்துவிட்டார். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பி வருகையில், அலி அக்பர் தவறாக வாசித்த பாடத்தை அச்சிறுமி திருத்திப் பாடிக் காட்டுவதை வாசலில் நின்று கேட்டார். கேள்வியினாலேயே அத்தனையும் கற்றிருந்தாள். தகப்பனார் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ப் பாடம் ஆரம்பித்தார். பிற்காலத்தில் சுர்பஹார் வாத்தியத்தில் நிகரற்றவள் என்று பேரெடுத்தவள் அந்த அன்னபூர்ணா தேவிதான். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வித்தை என்று இன்னும் கேட்கும் வீடு நம் ஊர்ப்பக்கத்திலும் இருந்தால், இதை அங்கே வாசித்துக் காட்டலாம்.

1935 ஆம் ஆண்டு உதயசங்கரின் நடனக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். அக்குழுவிலிருந்த இளைஞர் ரவிசங்கர், 1938 ஆம் ஆண்டு மைஹாருக்கு வந்து சீடராகி, சிதார் கற்று உலகப் புகழ் பெற்றார். பன்னாலால் கோஷ், நிகில் பானர்ஜி முதலியோரும் அவரிடம் கற்றவர்களே. இந்திய அரசாங்கம் 1958 ஆம் ஆண்டு பத்மபூஷணும், 1971 ஆம் ஆண்டு பத்மவிபூஷணும் அளித்துக் கௌரவித்தது. இத்தனை கியாதி வந்தபோதும் அவர் டில்லியிலோ பம்பாயிலோ குடியேறவில்லை. பிள்ளைகளைச் சேர்த்த அந்தச் சிறு பட்டணத்திலேயே ஏறக்குறைய ஐம்பத்து நான்கு வருஷம் வாழ்ந்து, 1972 ஆம் ஆண்டு செப்டம்பர் 6 ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார்.

பிறந்த மண்ணுக்குப் போன கைம்மாறு

அவருடைய மரணத்துக்குச் சற்று முன்பு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1971 ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, லட்சக்கணக்கான அகதிகள் பசியோடும் வியாதியோடும் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். அலாவுதீன் கான் பிறந்த பூமியின் ஜனங்கள் அவர்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 1 ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் அவர்களுக்காக ஒரு பெரிய சங்கீதக் கச்சேரி நடந்தது. அதற்கு முயற்சி எடுத்தவர் ரவிசங்கர்; மேடையில் அவரோடு அமர்ந்து சரோத் வாசித்தவர் அலி அக்பர் கான். ஒருவர் பாபாவின் சீடர், மற்றவர் மகன். அன்று டிக்கெட்டில் சேர்ந்த ஏறத்தாழ 2,43,000 டாலர், குழந்தைகளின் நலனைக் கவனிக்கும் ஐக்கிய நாட்டு ஸ்தாபனமாகிய யூனிசெப்புக்குப் போயிற்று.

மைஹாரில் அனாதைப் பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்த மகனும், அதே வீட்டில் பாடம் கேட்ட சீடனும், கடல் கடந்த தேசத்தில் வேறு அனாதைகளுக்காக வாத்தியத்தை எடுத்தார்கள். ஒரு வீட்டில் கற்பித்த தர்மம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மைஹார் பேண்டும் அவரோடு மறைந்துவிடவில்லை. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு அரசாங்கத்தின் ஆதரவில் நிலைத்தது. முதல் பிள்ளைகள் முதியவர்களாகிப் போக, அடுத்த தலைமுறையார் அவர் கட்டிய உருப்படிகளை வாசித்து வருகிறார்கள்.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பெற்றோரே, நம் அன்னூர் பெரிய பட்டணமன்று. சிம்பொனி கோஷ்டியை வைத்து நடத்த நமக்கு மகாராஜாவும் இல்லை. ஆனால் மைஹாரும் பெரிய பட்டணமாயிருக்கவில்லை. நம் கோயிலில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்மோனியமோ தபேலாவோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருநாளில் பேண்டு வாத்தியம் கேட்டு அதன் பின்னாலேயே நடந்து போகும் சிறுவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவிலுள்ள தூரம் வாரத்தில் ஒரு மணி நேரந்தான்.

மில் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளைகள், குடியினால் சீர்குலைந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் நம் கண்முன் நடமாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்களுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பது நல்லது. அந்தப் பிள்ளையைப் பாடகர் வரிசையில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வாரம் வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்பது அதனினும் நல்லது. துணி அடுத்த வருஷம் கிழிந்துவிடும். கற்ற பாட்டும், தேடி வந்த காலடிச் சத்தமும் கிழிவதில்லை.

சங்கீதக்காரருக்குப் பாதுகாவலியான அர்ச்சியசிஷ்ட செசிலியம்மாள், நம் பாடகர்களுக்காகவும், நம் ஊரின் தாயற்ற தகப்பனற்ற பிள்ளைகள் அனைவருக்காகவும் மன்றாடுவாளாக.